ஜவ்வு, மொறுமொறு, கவிச்சி: கொரிய உணவுச் சொற்களை ஆங்கிலம் வழியாகப் படிக்கலாமா?

கேள்வியை முதலில் கொஞ்சம் விரித்துப் பார்த்துக்கொள்வோம். கொரிய சமையல் நிகழ்ச்சிகளை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்துவருகிறீர்கள். தட்டில் இருப்பது அரிசிப் பண்டமோ, நூடுல்ஸோ, பச்சை மீனோ, எதுவானாலும் கீழே ‘ச்யூயி’ என்றே வருகிறது. காதில் விழுவதோ ஒவ்வொரு முறையும் வேறு சொல். கொதிக்கக் கொதிக்க சூப் குடித்தவர் சொல்வதற்கு ‘ரிஃப்ரெஷிங்’ என்று போடுகிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, “கொரிய மொழியில் சாப்பாட்டுக்கு ஆங்கிலத்தைவிட அதிகச் சொற்கள் உண்டா, இல்லை மொழிபெயர்ப்பவர்கள் அக்கறை இல்லாமல் செய்கிறார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வாயும் பல்லும் இருக்கும்போது, இரண்டு மொழிகள் சாப்பாட்டை ஏன் இவ்வளவு வேறு விதமாகப் பிரித்து வைத்திருக்கின்றன? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கொரிய மொழியை முறையாகப் படித்தவன் நான். உணவுப் பாக்கெட்டுகளில் அச்சாகும் விவரங்கள், உணவக மெனுக்கள், சமையல் குறிப்புகள் ஆகியவற்றைக் கொரியனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிறேன். அதனால் சொற்களைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும். நாக்கு, நரம்பு, மூளை என்று பேச்சு போகும் இடத்தில் மட்டும், அது என் துறை இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது சியோல் பக்கத்துப் பொதுவழக்கு. தெற்கே ஜொல்லா, கியோங்சாங் மாகாணங்களில் சில சொற்கள் வேறு மாதிரிப் புழங்கும்.

சுருக்கமான பதில் இதுதான். சொற்களின் எண்ணிக்கையைவிட, அவை எங்கே நின்று பேசுகின்றன என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் தட்டில் இருக்கும் பொருளைப் பார்த்துப் பேசும். இது ரப்பர் போல, அது பட்டு போல, இன்னொன்று வெண்ணெய் போல என்று ஒரு ஒப்புமையைப் பிடித்துக்கொள்ளும். கொரியச் சொல் பெரும்பாலும் கடிக்கிறவர் வாயிலிருந்து பேசும். பல் பட்டதும் என்ன நடந்தது, எப்படிச் சத்தம் வந்தது, அது பிடித்ததா இல்லையா, இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஆங்கில சப்டைட்டில் அந்த மூன்றில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிகிறது.

நீங்கள் கேட்ட ‘ச்யூயி’யிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கொரிய உணவுச் சொற்களின் செழிப்பான இடமே அதுதான். தமிழிலும் ஆங்கிலத்திலும் இழுபடுகிற உணவுக்குப் பாராட்டு குறைவு. நாம் ‘ஜவ்வு மாதிரி இழுக்குது’, ‘ரப்பர் மாதிரி இருக்கு’ என்றால் அது புகார். கொரியாவில் அப்படி இல்லை. பல்லுக்கு எதிராகக் கொஞ்சம் தள்ளிவிட்டு, பிறகு சுகமாக அறுபடுகிற உணவை ‘ச்சோல்கித்’ என்பார்கள். அது பெரிய பாராட்டு. ஆக்டோபஸ், கோழியின் இரைப்பை, நன்றாகப் பிசைந்த மாவில் செய்த நூடுல்ஸ், இவற்றுக்கெல்லாம் அந்தச் சொல் பொருந்தும். அதோடு ஒட்டும் தன்மையும் சேர்ந்து, பல்லில் பிடித்துப் பிடித்து விட்டால் அது ‘ச்சொந்துக்’. பல்லைத் தள்ளும் சக்தி அளவுக்கு மேலே போய், மென்று மென்று தாடை வலித்தால் ‘ஜில்கிதா’. இது குறை சொல்லும் சொல், ஆங்கில ‘டஃப்’ இதற்குச் சரியாகப் பொருந்தும். இறால் போல உள்ளுக்குள் நிறைந்து, கடித்ததும் துள்ளுகிற மாதிரி இருந்தால் ‘தேங்குல்தேங்குல்’. குழையாமல் விறைப்பாக எடுத்த ராம்யொன் நூடுல்ஸுக்கும், ஒன்றோடொன்று ஒட்டாத சோற்றுக்கும் ‘க்கோதுல்க்கோதுல்’. இந்த ஐந்தில் நான்கை ஆங்கில சப்டைட்டில் ‘ச்யூயி’ என்று போட்டுவிட வாய்ப்புண்டு. திரையில் இரண்டு வரிக்குள், சில நொடிக்குள் முடிக்க வேண்டிய கட்டாயத்தில் அவர்களுக்கு வேறு வழியும் குறைவு. அதனால் அக்கறை இல்லாமல் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பிரிவுகள் கற்பனையானவை இல்லை, உணவின் கட்டமைப்பிலேயே இருப்பவை. தொக் என்பது அரிசியில் செய்யும் பண்டம். தொக்பொக்கி என்ற காரமான உணவில் போடும் நீள உருளை அரிசித் தொக், அன்றாடம் சோறு வடிக்கும் அரிசியின் மாவை அவித்து இறுக்கிச் செய்வது. அந்த அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து ஓரளவு இருப்பதால் கடித்தால் எதிர்த்து நிற்கும், பிறகு அறுபடும். அது ச்சோல்கித். இன்ஜொல்மி என்ற தொக், ஒட்டரிசியை அவித்து இடித்துச் செய்வது. ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை, ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டின் என்ற இன்னொரு வகை மாவுச்சத்து. அதனால் அது இழுபடும், ஒட்டும். அது ச்சொந்துக். இரண்டு அரிசிக்கும் நடுவே உள்ள வேதியியல் வித்தியாசத்தைக் கொரியப் பாட்டி ஒரு ஒலி மாற்றத்தில் சொல்லிவிடுகிறார். ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் இந்த இரண்டு பண்டமும் அன்றாட உணவாக இருந்ததில்லை. பிரிக்க வேண்டிய தேவை வராத இடத்தில் சொல்லும் வரவில்லை.

நூடுல்ஸிலும் இதேதான். பியோங்யாங் பாணி நெங்மியொன், அதாவது குளிர்ந்த நூடுல்ஸ் இழையில் பக்வீட் எனப்படும் தானிய மாவு அதிகம். மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் அதில் இல்லாததால் பல் பட்டதும் ‘துக்’ என்று அறுந்துவிடும். ஹாம்ஹங் பாணி இழை உருளைக்கிழங்கு அல்லது சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச்சில் செய்வது. அது அவ்வளவு இழுபடுவதால் மேஜையிலேயே கத்தரிக்கோல் கொண்டுவந்து வைப்பார்கள். இஞ்சொன் நகரத்தில் 1970களில் பிறந்ததாகச் சொல்லப்படும் ‘ச்சோல்மியொன்’ என்ற உணவு இன்னும் ஒரு படி மேலே. அதன் பெயரே ச்சோல்கித் என்ற சொல்லின் முதல் அசையும், நூடுல்ஸைக் குறிக்கும் ‘மியொன்’ என்ற சொல்லும் சேர்ந்தது. காரம், புளிப்பு, கலக்கும் பொருள் எதையும் சொல்லாமல், பல்லுக்கு எப்படி இருக்கும் என்பதையே ஒரு உணவுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். பன்றி விலாவின் குருத்தெலும்புப் பகுதியை வறுத்துத் தருவார்கள், அதன் பெயர் ‘ஓதோல்ப்பியொ’. குருத்தெலும்பைக் கடிக்கும் ‘ஓதோக்ஓதோக்’ சத்தத்தோடு சேர்ந்த சொல் அது.

பச்சை மீன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே சொல் ஒரு சமையல் முறையையே தாங்கி நிற்கிறது. கொரியக் கடற்கரைச் சந்தைகளில் தொட்டியில் உயிரோடு நீந்துகிற தட்டைமீனைக் காட்டி, அப்போதே வெட்டித் தருவது வழக்கம். அதில் அவர்கள் தேடுவது ச்சோல்கித் தன்மை. ஜப்பானிய முறையில் மீனை வெட்டிச் சில மணி நேரமோ அதற்கு மேலோ குளிரில் வைத்திருந்து பரிமாறுவது அதிகம். மீன் செத்தபின் தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு சிதைந்து இனோசினேட் என்ற சுவைப்பொருள் சேர்கிறது. அப்போது சுவை கூடும், இறுக்கம் தளரும். ஒருவர் பல்லுக்காக மீனைத் தேர்ந்தெடுக்கிறார், இன்னொருவர் நாக்குக்காக. இப்போது சியோலிலும் குளிரில் பழக்கிய மீனுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. ஆனாலும், வெட்டியவுடன் சாப்பிடும் மீனை ‘ஃப்ரெஷ்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் சாப்பிடுகிறவர் எதற்காகக் காசு கொடுத்தார் என்பது விட்டுப்போகும்.

இந்தச் சொற்கள் எப்படி உண்டாகின்றன என்பது தமிழர்களுக்கு ஆங்கிலேயரைவிடச் சீக்கிரம் புரியும். நம்மிடம் இரட்டைக்கிளவி இருக்கிறது: மொறுமொறு, கொழகொழ, வழவழ, பொலபொல. சத்தமோ தொடு உணர்வோ இரட்டித்து ஒரு சொல்லாகி, ‘என்று’ சேர்ந்தோ ‘ப்பு’ சேர்ந்தோ வாக்கியத்துக்குள் வந்துவிடும். கொரிய மொழியிலும் அப்படித்தான். பாசாக்பாசாக் என்று தனியாக நிற்கும், ‘ஹாதா’ சேர்ந்தால் ‘மொறுமொறுப்பாக இருக்கிறது’ என்று வினை போல ஓடும். ஆங்கிலத்திலும் ஒலிக்குறிப்பு இல்லாமல் இல்லை. கிரிஸ்ப், கிரஞ்ச், கிராக்கிள், கிரம்பிள் என்று ‘கிர்’ ஒலியில் தொடங்கும் உடைகிற சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அங்கே அது சிதறிக் கிடக்கிறது. கொரிய மொழியில் அது ஒரு இலக்கணம்.

அந்த இலக்கணத்துக்கு இரண்டு பிடிகள் உண்டு. முதலாவது உயிரெழுத்து. ஆ, ஓ வகை ஒலிகள் ‘ஒளியுள்ளவை’. சின்னது, லேசானது, சுறுசுறுப்பானது என்ற நிறம் தரும். ஊ வகையும், நம் ‘ஆ’வுக்கும் ‘ஒ’வுக்கும் நடுவே ஒலிக்கும் இன்னொரு உயிரும் ‘இருண்டவை’. பெரியது, கனமானது, மந்தமானது என்ற நிறம் தரும். ‘ச்சோக்ச்சோக்’ என்றால் உள்ளே ஈரம் இருக்கிற நல்ல கேக். உயிரை மட்டும் மாற்றி ‘ச்சூக்ச்சூக்’ என்றால் மழையில் நனைந்த சாக்ஸ். கேக்கைப் பார்த்து இரண்டாவதைச் சொன்னால் சமைத்தவர் முகம் வாடிவிடும். ‘பாசாக்’ பொரித்த உணவின் மொறுமொறுப்பு, ‘பொசொக்’ காய்ந்த சருகையோ மணலையோ மிதிக்கும் சத்தம். இரண்டாவது பிடி மெய்யெழுத்து. க, த, ப, ஜ வரிசையில் ஒவ்வொன்றுக்கும் சாதாரண ஒலி, இறுக்கமான ஒலி, மூச்சோடு வெடிக்கும் ஒலி என மூன்று உண்டு. இறுக்கினால் உணர்வு அழுத்தம் பெறும். ‘ஜோல்கித்’ என்றால் ஓரளவு இழுவை, ‘ச்சோல்கித்’ என்றால் நல்ல இழுவை, இருண்ட உயிரின் பக்கம் போய் ‘ஜில்கித்’ என்றால் ஜில்கிதாவின் முரட்டுத்தனம் எட்டிப்பார்க்கும். கொரிய அகராதிகள் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பக்கத்தில் ‘பெரிய சொல்’, ‘சின்ன சொல்’, ‘வலிய சொல்’ என்று உறவுமுறை போலக் குறித்தே வைத்திருக்கின்றன.

நான் தமிழ் எழுத்தில் காட்டுவது தோராயம்தான். நம் எழுத்தில் அந்த மூன்று ஒலிக்கும் ஒரே எழுத்துதான் கிடைக்கும். ‘ச்ச’ என்று நான் தொடங்கும் சொற்களில் சில இறுக்கமானவை, சில மூச்சோடு வருபவை. ‘பச்சை’யில் வரும் ச்ச சொல்லின் முதலிலேயே வந்தால் எப்படியோ, அதுதான் ச்சோல்கித். ச்சோக்ச்சோக்கில் வருவது மூச்சோடு வருவது. இன்னொரு பக்கம், ஆங்கிலேயரைத் திணறடிக்கும் ஒரு கொரிய உயிர் நமக்குச் சுலபம். ச்சொந்துக்கில் ‘து’வோடு வருவது நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமான ஒலி, ‘காது’ என்பதில் கடைசியில் வருகிற அதே உதடு குவியாத உகரம்.

மொறுமொறுப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பிரிவைத் தெரிந்துகொண்டால் போதும். ஆங்கில ‘கிரிஸ்ப்’ அப்பளத்துக்கும் வரும், ஆப்பிளுக்கும் வரும். கொரிய மொழியில் உலர்ந்த மொறுமொறுப்பு ‘பாசாக்’, ஈரமுள்ள மொறுமொறுப்பு ‘ஆசாக்’. பொரித்த கோழி பாசாக், வெள்ளரியும் நல்ல கிம்ச்சியும் ஆசாக். நாமும் வெள்ளரிப்பிஞ்சை மொறுமொறு என்று சொல்ல மாட்டோம், ‘நறுக்கென்று’ இருக்கிறது என்போம். வெளியே பாசாக், உள்ளே ச்சோக்ச்சோக் என்பதை நான்கு அசையாகச் சுருக்கி ‘கொத்பாசோக்ச்சோக்’ என்று கோழிக்கடை விளம்பரங்களில் போடுகிறார்கள், இளைஞர்கள் பேச்சில் இது சர்வசாதாரணம். தாங்சுயுக் என்ற இனிப்புப் புளிப்புப் பன்றி வறுவலில் சாஸை மேலே ஊற்றுவதா, தனியாக வைத்துத் தொட்டுக்கொள்வதா என்று வருஷக்கணக்காக வாக்குவாதம் நடக்கிறது. அதன் மையமும் பாசாக்தான். ஊற்றினால் மொறுமொறுப்பு போய்விடும் என்பது ஒரு கட்சி.

மொறுமொறுப்பு போவதற்கும் ஒரு சொல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: ‘நுங்நுக்’. பாக்கெட்டைத் திறந்துவைத்த கடற்பாசித் தாள், காற்றுப்பட்ட சிப்ஸ். ஆங்கிலத்தில் இதற்கு ‘சாகி’ போட்டால் தண்ணீரில் ஊறியது என்றாகிவிடும், ‘ஸ்டேல்’ போட்டால் பழசாகிவிட்டது என்றாகிவிடும். இரண்டும் சரியில்லை. தமிழில் யோசிக்கவே தேவையில்லை: நமுத்துப்போச்சு. இந்த இடத்திலிருந்துதான் உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் தொடங்குகிறது. கொரியச் சொல்லை ஆங்கிலம் வழியாகக் கற்றால் பாதி தொலைகிறது. நேராகத் தமிழில் வைத்துப் பார்த்தால் பல இடங்களில் முழுசாகவே கிடைக்கிறது.

சுவைச் சொற்களுக்கு வரும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். பழுக்காத சீமைப் பனிச்சையை, அதாவது பெர்சிமன் பழத்தைக் கடித்தால் வரும் உணர்வு ‘த்தொல்தா’. ஆங்கிலத்தில் ‘அஸ்ட்ரிஞ்ஜெண்ட்’ என்ற படித்தவர் சொல்தான் உண்டு, குழந்தைகள் சொல்ல மாட்டார்கள். நமக்கு அது துவர்ப்பு, அறுசுவையில் ஒன்று, வாழைப்பூ சாப்பிடும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். ‘பிரிதா’ என்பது மீன், ரத்தம் இவற்றின் வாடை. சப்டைட்டிலில் ‘ஃபிஷி’ என்று வரும். ஆனால் கொரியர்கள் சரியாக வேகாத சோயா முளைக்கும் இதே சொல்லைச் சொல்வார்கள். முளை வேகும்போது பாதியில் மூடியைத் திறக்காதே என்பது அங்கே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லும் விதி. லிப்பாக்சிஜினேஸ் என்ற என்சைம் முழுக்கச் செயலிழக்கும் முன் முளையிலுள்ள கொழுப்போடு வினைபுரிந்தால் அந்தப் பச்சை வாடை வரும். மீனே இல்லாத குழம்பை ‘ஃபிஷி’ என்று எப்படி எழுதுவது? கவிச்சி என்று எழுதினால் ஒரு தமிழருக்கு ஓரளவு பிடிபடும். சமைப்பவரின் திறமையை ‘சோன்மாத்’, கையின் சுவை என்பார்கள். நம் கைப்பக்குவம், கைமணம் இரண்டும் அதற்குப் பக்கத்தில் நிற்கின்றன.

உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாவற்றுக்கும் ஒரு அடிப்படைச் சொல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் பிடித்த வடிவம் ஒன்றும், பிடிக்காத வடிவம் ஒன்றும் இருக்கும். வெறும் உப்புக் கரித்தால் ‘ச்சாதா’. அளவான உப்பு நாக்கை இழுத்தால் ‘ச்சாப்ச்சால்’. அதே உப்பு ஒரு மாதிரி அருவருப்பாக இருந்தால் ‘ச்சிப்ச்சில்’. ஆரஞ்சின் கலகலப்பான புளிப்பு ‘சேகோம்’, கெட்டுப்போகும் பாலின் புளிப்பு ‘ஷிகும்’. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘நல்ல விதமாக’, ‘கொஞ்சம்’, ‘அளவுக்கு மேல்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டும். சொல்ல முடியாது என்பதில்லை, இரண்டு மூன்று சொல்லாக நீளும், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பில் நீளுகிற எதுவும் முதலில் வெட்டப்படும்.

‘கோசோ’, ‘கூசூ’ என்ற இரட்டையர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஒளி, இருள் விளையாட்டு. நல்லெண்ணெய், வறுத்த எள், வறுத்த வேர்க்கடலை, கொழுப்புள்ள வறுத்த கறி, இவற்றின் வாசமும் சுவையும் கோசோ. தொயென்ஜாங் என்ற புளித்த சோயா விழுதுக் குழம்பு, அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சும் சுங்னியுங், வறுத்த பார்லித் தண்ணீர், இவை கூசூ. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘நட்டி’ என்று போடுவதைப் பார்க்கிறேன். கொட்டையே இல்லாத குழம்புக்கு அது பொருந்தவே பொருந்தாது. தமிழிலும் இதற்கு ஒரே சொல் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘வறுத்த வாசம்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். கோசோவுக்கு ‘அவனுக்கு நல்லா வேணும்’ என்ற பொருளும் உண்டு. கூசூ என்று கிராமத்துப் பெரியவர் கதை சொல்லும் விதத்தையும் சொல்வார்கள்.

இப்போது நீங்கள் தனியாகக் கேட்டிருந்த சூப். அவர் சொன்னது ‘ஷிவோன்ஹாதா’. அகராதியில் முதல் பொருள் ‘இதமான குளிர்ச்சி’. ஆனால் கொதிக்கும் சோயா முளை சூப், உலர்ந்த பொல்லாக் மீன் சூப், சிப்பி சூப், முள்ளங்கி போட்ட எந்தத் தெளிந்த சூப்பையும் குடித்து ‘ஆ, ஷிவோன்ஹாதா’ என்பார்கள். வெந்நீர்க் குளத்தில் இறங்கும்போதும், முதுகு பிடித்துவிடும்போதும், அரிக்கிற இடத்தைச் சொறிந்ததும் இதே சொல்தான். அடைபட்டிருந்த ஒன்று திறந்துகொண்ட நிம்மதி என்று எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்கலாம். சூப்பில் இது காரத்தையோ சூட்டையோ குறிப்பதில்லை. கொழுப்பு மிதக்காத, தெளிவான, தொண்டையில் தடையின்றி இறங்கி நெஞ்சு வரை பரவுகிற தன்மையைக் குறிக்கிறது. எலும்பை நாள் முழுக்கக் காய்ச்சிய வெள்ளைக் கெட்டி சூப்புக்கு இதைச் சொல்வது குறைவு, ‘ஜின்ஹாதா’, அதாவது கெட்டியாக, அடர்த்தியாக இருக்கிறது என்பார்கள். ‘ரிஃப்ரெஷிங்’ எலுமிச்சைச் சாற்றை நினைவுபடுத்துகிறது. சுடச்சுட மிளகு ரசம் குடித்துவிட்டு நாம் சொல்லும் ‘இதமா இருக்கு’ இதற்குக் கிட்டே வருகிறது. குளிர்ச்சிக்கான சொல் சுடும் சூப்புக்கு ஏன் போனது என்பதற்கு இணையத்தில் உறுதியான குரலில் நிறைய விளக்கங்கள் உலவுகின்றன. சூப்பில் உள்ள இந்த அமிலம், அந்தச் சத்து என்று சொல்வார்கள். வழக்கு எப்படி இருக்கிறது என்பது உறுதி, காரணமாகச் சொல்லப்படுபவை ஊகம். அந்த வித்தியாசத்தோடு படியுங்கள்.

காரத்தில் ஆங்கிலம் உண்மையிலேயே தடுமாறுகிறது. ‘ஹாட்’ என்றால் சூடா காரமா தெரியாது, ‘ஸ்பைசி’ என்றால் மிளகாயா மசாலாவா தெரியாது. கொரியாவில் ‘மேப்தா’ தெளிவான காரம். லேசான காரம் ‘மேகோம்’. சூடான சூப்பில் நெஞ்சு வரை பரவும் காரம் ‘ஒல்குன்’. தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கும் காரம் ‘கால்கால்’. கடுகும் பச்சைப்பூண்டும் மூக்கில் ஏறுவது ‘ஆல்ஸ்ஸா’. கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுது டப்பாக்களில் காரத்தை ஐந்து நிலையாக அச்சிடும் முறையும் உண்டு, ஆனால் அது அளவை மட்டும் சொல்லும். எந்த இடத்தில் எரிகிறது என்பதைச் சொல்வது இந்தச் சொற்கள்தான். தமிழில் காரம், உறைப்பு, சுள்ளென்று, நெடி என்று நமக்கும் ஒரு கையளவு இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் இரண்டு பண்பாடுகளும் எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன. க்ரீம் பாஸ்தா பாதியில் போதும் என்று தோன்றினால் கொரியர் ‘நுக்கி’ என்பார், வயிற்றிலிருந்து வரும் ஒரு மறுப்பு. ‘கிரீஸி’ என்று மொழிபெயர்த்தால் தட்டில் எண்ணெய் வழிகிறது என்று பொருள் வந்துவிடும், ஆனால் க்ரீமில் எண்ணெயே வழியாது. நம் ‘திகட்டுது’ பக்கத்தில் வருகிறது, நாம் அதை இனிப்புக்கும் சொல்வோம் என்பது ஒன்றுதான் வேறுபாடு. இதற்கு எதிர்ச்சொல் ‘தாம்பேக்’. கொழுப்பும் மசாலாவும் மூடாமல் பொருளின் சொந்தச் சுவை நிற்பது. கொரியாவில் இது உயர்ந்த பாராட்டு. ஆங்கில மெனுவில் ‘பிளாண்ட்’ என்றோ ‘லைட்’ என்றோ போனால் முதலாவது வசவு, இரண்டாவது உணவுக்கட்டுப்பாடு. ஆங்கிலத்தின் பாராட்டான ‘ரிச்’ என்பதைக் கொரியனில் அப்படியே வைத்தால் சிலருக்கு நுக்கி நினைவு வந்துவிடும்.

இவ்வளவு சொன்னதால் ஆங்கிலம் ஏழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோதுமையும் பாலும் வரும் இடத்தில் அதன் செழிப்பைப் பாருங்கள். அடுக்கடுக்காக உதிரும் பேஸ்ட்ரி ‘ஃப்ளேக்கி’, பொடியாக உடையும் பாலாடைக்கட்டி ‘கிரம்ப்ளி’, உருகி ஒழுகும் சாக்லேட் நடுப்பகுதி ‘கூயி’, நடுவில் அடர்ந்து ஈரமாக இருக்கும் பிரவுனி ‘ஃபட்ஜி’, வெண்ணெய் அதிகமாகி வாயில் மணலாக உதிரும் பிஸ்கட் ‘ஷார்ட்’, வயிற்றில் கல்லாக உட்காரும் புட்டிங் ‘ஸ்டாட்ஜி’. இவற்றைக் கொரியனில் எழுதும்போது நான்தான் திண்டாடுவேன். கொரியர்களும் ‘கிரீமி’யோடு ‘ஹாதா’ சேர்த்து அப்படியே வாங்கிக்கொண்டார்கள். பாதி காய்ந்த மீனுக்குச் சொல்லும் ‘க்கூதொக்’ என்ற பழைய சொல்லைக் கெட்டித் தயிருக்கும் சீஸ்கேக்குக்கும் நீட்டிவிட்டார்கள். வைன் பேச்சில் ஆங்கிலம் கட்டியிருக்கும் அகராதி தனி உலகம்.

எண்ணிக்கை பற்றிய வாதம் ஒன்று அடிக்கடி வரும், அதையும் சரியாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் அலினா செஸ்னியாக் என்ற விஞ்ஞானி 1960களில் உணவின் தொடு உணர்வை அளக்கும் முறைகளுக்கு அடித்தளம் போட்டார். அந்தக் காலத்துச் சொல் தொடர்புச் சோதனைகளில் அமெரிக்கர்கள் சொன்ன தொடு உணர்வுச் சொற்கள் 80-ஐ எட்டவில்லை. ஜப்பானில் 1970 வாக்கில் செய்த அதுபோன்ற ஆய்வில் 400-ஐத் தாண்டின. இந்த எண்கள் ஜப்பானியருடையவை, கொரியருடையவை இல்லை. ஆனாலும் இணையத்தில் கொரிய மொழிக்கும் இதையே ஒட்டிவிடுகிறார்கள். எண்ணும் முறையிலும் சிக்கல் உண்டு. ஜோல்கித், ச்சோல்கித், ஜில்கித் மூன்று சொல்லா, ஒரே சொல்லின் மூன்று வடிவமா? முதல் வழியில் எண்ணினால் கொரிய மொழிக்கு மலை போல எண் வரும், இரண்டாவது வழியில் பாதியாகிவிடும். எந்த எண்ணைப் பார்த்தாலும் எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

இதைவிடப் பலவீனமான வாதம், சொல் அதிகம் இருப்பதால் கொரியர்களின் நாக்கு நுட்பமானது என்பது. அப்படி நம்ப எந்த நல்ல காரணத்தையும் நான் பார்க்கவில்லை. உணவு நிறுவனங்களின் சுவைச் சோதனைக் குழுக்களில் எந்த மொழிக்காரரும் சில வாரப் பயிற்சியில் நுட்பமான வேறுபாடுகளைப் பிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சொல் இருந்தால் கவனம் சீக்கிரம் அங்கே போகும், அடுத்தவரிடம் சொல்வது சுலபமாகும், அதுவரை ஏற்கலாம். ஒலிக்குறிப்பு உலகப் பொது என்ற வாதமும் பாதிதான் நிற்கும். 1929-இல் எட்வர்ட் சபீர் என்ற மொழியியலாளர் ‘மில்’, ‘மல்’ என்ற பொய்ச் சொற்களைக் கொடுத்து எது பெரிய மேஜை என்று கேட்டபோது பெரும்பாலோர் ‘மல்’ என்றார்கள். கொரிய மரபிலோ ‘ஆ’ சின்னதன் பக்கம் நிற்கிறது. ஆக, ஒலிக்கும் உணர்வுக்கும் உள்ள உறவில் கொஞ்சம் உடம்பு சார்ந்தது, கொஞ்சம் அந்தந்த மொழி வளர்த்தது. எவ்வளவுக்கு எவ்வளவு என்பதில் மொழியியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அப்புறம், இந்தச் சொற்களைக் கற்க நடைமுறையில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் பாசாக், ஆசாக், ச்சோல்கித், ச்சொந்துக், ச்சோக்ச்சோக், நுங்நுக் இந்த ஆறையும் பிடியுங்கள். அடுத்து கோசோ, ஷிவோன், நுக்கி, தாம்பேக். நிகழ்ச்சி பார்க்கும்போது சப்டைட்டிலை மறைத்துவிட்டு, காதில் விழுந்த சொல்லையும் தட்டில் இருந்த பொருளையும் மட்டும் நோட்டில் எழுதுங்கள், அர்த்தம் எழுதாதீர்கள். ஒரே சொல் நான்கைந்து உணவுகளுக்கு வந்தபின் அவற்றுக்குப் பொதுவானது என்ன என்று பாருங்கள், பிறகு தமிழில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எழுதுங்கள். தமிழில் சொல் வராத இடங்களில் அந்த உணவையே வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் இருந்தால் கொரிய உணவகங்களிலும் கொரிய மளிகைக் கடைகளிலும் தொக்பொக்கிக்கான அரிசித் தொக் கிடைக்கும். ஒட்டரிசி மாவு வாங்கி வீட்டிலேயே பிசைந்து வேகவைத்து இரண்டையும் அடுத்தடுத்துக் கடித்தால், ச்சோல்கித்தையும் ச்சொந்துக்கையும் பல்லே பிரித்துக் காட்டிவிடும்.